எல்லப்பன் வீட்டு ஏசியும் இருபத்தாறு ஸ்க்ரூவும்

ஏசி ரிப்பேர் தொழிலில் முதலில் எண்ண வேண்டியது ஸ்க்ரூக்களை அல்ல, சுற்றி நிற்கும் ஆட்களை. நாம் கிளம்பிப் போன பிறகு மூடியைத் திறக்கப் போகிறவர் அவர்களில் ஒருவர்தான்.

எல்லப்பன் வீட்டில் ஏசி வைத்த அன்றைக்கு இருந்தவர்கள் பதினொரு பேர். வீட்டுக்காரர் எல்லப்பன், அவர் மனைவி முனியம்மா, எல்லப்பனின் தம்பி தனகோட்டி, பக்கத்து வீட்டு மாவு மில் செல்லம்மா, ஏசிப் பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேர், சுவரை இடித்த கொத்தனார், மீன் லாரி டிரைவர், நான். திருவிடந்தைக்குக் கிழக்கே, கடலிலிருந்து நூற்றிருபது தப்படி தூரத்தில் இருந்த வீடு. எழுபதுகளின் நடுவில் அந்தக் குப்பத்தில் மின்விசிறி இருந்த வீடுகளே ஐந்து. அங்கே ஏசி என்றால் வேடிக்கை பார்க்க ஊரே வந்திருக்கும். முனியம்மா கதவைச் சாத்தியதால் பதினொன்றோடு நின்றது.

ஆடம்பரத்துக்கு வாங்கிய ஏசி இல்லை அது. தனகோட்டிக்குப் பிறந்ததிலிருந்து வேர்வை வராது. முப்பது வயது ஆள், உழைக்கத் தெம்புள்ள உடம்பு. ஆனால் வெயில் ஏறினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கண் சிவக்கும், பேச்சு குழறும், விழுந்துவிடுவார். அதனால் கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து வலை பின்னினார். அதற்கு முந்தைய கத்திரி வெயிலில் இரண்டு தரம் மயங்கி, இரண்டாவது தரம் மீன் லாரியில் ஐஸ் மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "இன்னொரு தரம் இப்படி வந்தால் என்னால் சொல்ல முடியாது. குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லப்பன் மெட்ராஸில் மீன் போடும் ஓட்டல் ஒன்றில் பழைய ஜன்னல் ஏசியைக் கழித்தபோது அதை வாங்கி வந்துவிட்டார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்தாவது வரை படித்தேன். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு கடை. ஆட்கள் நடுவில் பேச வராது. அதற்குப் பதிலாக எண்ணுவேன். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு கொட்டாங்கச்சியில் போடுவேன். வேலை முடிந்ததும் கொட்டாங்கச்சி காலியாக இருந்தால் ரிப்பேர் முடிந்தது; இல்லாவிட்டால் முடியவில்லை. உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் எதிலிருந்து வந்தது என்று தெரியாத ஒரு ஸ்க்ரூ கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நாம் எல்லோரும் ஒரே ஜாதிதான். எல்லப்பன் வீட்டு ஏசியில் மொத்தம் இருபத்தாறு: முகப்பில் நான்கு, உறையில் பன்னிரண்டு, உள்ளே மோட்டார், விசிறிப் பக்கம் பத்து.

கோணல்

ஜன்னல் ஏசியை வெளிப்பக்கம் அரை விரல் தாழ வைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஊறும் தண்ணீர் தெருப் பக்கம் வழியும். அப்படித்தான் வைத்தேன். கொத்தனார் ரசமட்டத்தை ஏசியின் தலையில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டார். கோணல் எதற்கு என்று நான் விளக்கவில்லை.

மறுநாள் அவர் தானாகவே வந்து, தான் கட்டிய சுவரில் கோணலாக ஒரு பெட்டி இருப்பது மானக்கேடு என்று, வெளிப்பக்கம் ஒரு பலகைத் துண்டைச் சொருகி, குமிழி நடுவில் நிற்கிறவரை தூக்கிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் எனக்குச் சேதி வந்தது. போனபோது தனகோட்டியின் பாய் நனைந்து, வலை நூல் கண்டு ஏழும் ஊறிக் கிடந்தன. பலகையை உருவினேன். தனகோட்டி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அண்ணாத்த, உன் பொட்டி குளுரு மட்டும் குடுக்கல, குளிப்பாட்டியும் வுடுது. முதுவு தேய்க்க எப்ப வரும்?"

நாற்பது முடிச்சு

ஏசியை நிறுத்தினால் உடனே போடக்கூடாது, மூன்று நிமிஷம் விட்டுத்தான் போட வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஸர் திணறிச் சூடாகிவிடும். இதைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் கடிகாரம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டேன், மூன்று நிமிஷத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று. தனகோட்டி ஏசியை அணைத்தார், வலையை மடியில் போட்டார், பின்ன ஆரம்பித்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாவது முடிச்சில் நிமிர்ந்து ஏசியைப் போட்டார். மூன்று நிமிஷம், நான்கு விநாடி. செங்கல்பட்டில் பெரிய படிப்புப் படித்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இதே விஷயத்தை ஆறு தரம் சொல்லியும் நடந்ததில்லை. நான் நான்கு விநாடியைச் சொன்னதும் அவர் சிரிக்கவே இல்லை. "நூலு புதுசு, கொஞ்சம் வழுக்குது. நாளைக்கி வந்து பாரு, சரியா இருக்கும்" என்றார்.

இருபது வெள்ளிக்கிழமை

இது என் தவறு. அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

வைத்த அன்று கிளம்பும்போது எல்லப்பனிடம், "வாரம் ஒருதரம் பின்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்" என்றேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தது, கூச்சத்தில் விட்டுவிட்டேன். அந்த முதல் கத்திரி முழுவதும் தனகோட்டி ஒரு தரம்கூட மயங்கவில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. ஆவணியில் சர்வீசுக்குப் போய்ப் பின்பக்கம் பார்த்தால் கம்பிகளெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கின்றன. அடித் தகட்டில் பழுப்பாகத் துரு. நக்கிப் பார்த்தேன். உப்பு.

எல்லப்பன் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல், மொத்தம் இருபது வெள்ளி, வெள்ளிக்கு இரண்டு குடமாகக் கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். படகை அப்படித்தான் கழுவுவார்கள், கூடையை அப்படித்தான் கழுவுவார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு தூரம். குடிக்கிற தண்ணீரை ஒரு பெட்டியின் முதுகில் ஊற்ற அந்தக் குப்பத்தில் யாருக்கும் மனசு வராது. இரும்புக்கு உப்புதான் எமன் என்று, எனக்கு வந்தமட்டும், சொன்னேன். முனியம்மா பதினான்கு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். பதினான்கையும் ஊற்றி அலசினேன். எல்லப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இன்னா மெக்கானிக்கு பேசுற? எங்க படகு இருவது வருசமா அந்தத் தண்ணியிலயே கீது, அது இன்னா செத்தா பூடுச்சி?"

ஒன்பது பூனை

துரு என்ற சொல் எல்லப்பனை விடவில்லை. ஒரு மாதம் கழித்து, வரும்போது முகமூடி கொண்டுவா என்று டிரைவரிடம் சேதி அனுப்பியிருந்தார் முனியம்மா. எதற்கு என்று புரியாமல் போனேன். தெருமுனையிலேயே புரிந்தது. படகுப் பலகை உளுக்காமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்கள் அல்லவா, அதை எல்லப்பன் ஏசியின் பின்பக்கம் முழுக்க, ஒரு கம்பி விடாமல், தூரிகையால் பூசிவிட்டார். ஏசி போட்டால் வீடு முழுக்கச் சுறா. வாசலில், ஜன்னலடியில், திண்ணையின் மேல் என்று ஒன்பது பூனைகள். நான் எண்ணும்போது ஒன்பது; போகப் போகக் கூடியிருக்கலாம்.

சோப்புத் தூளும் வெந்நீருமாக அரை நாள் வேலை. இருபத்தாறு கழற்றி இருபத்தாறும் மாட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த எண்ணெய் பட்ட இடத்தில் துரு ஏறவில்லை, நாற்றம்தான் தாங்கவில்லை. தனகோட்டி பூனைகளைப் பார்த்தபடி கட்டிலில் படுத்திருந்தார். "ஒரு வாரமா என்னையே பாத்துகினு கீதுங்க அண்ணாத்த. பொட்டிக்குள்ள வெச்ச மீனு எப்பத்தான் வெளிய வரும்னு நெனச்சிகினு கீதுங்களோ இன்னாவோ."

மில்லும் பெட்டியும்

அந்தத் தெருவுக்கு வந்த கரண்டே ஒருவருக்குத்தான் காணும். செல்லம்மாவின் மாவு மில் ஓடினால் ஏசி உறுமும், குளிராது. ஏசி ஓடினால் மில் பெல்ட் நொண்டும். இந்த மாதிரி இடத்தில் மெக்கானிக் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை, மில் ஓடும்போதும் நிற்கும்போதும் ஏசிக்கு வரும் வோல்ட்டை அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, வாசலில் நின்றேன். செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த எண் பெரியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வெயில் ஏறுவதற்குள் அரைத்து முடித்துவிடுவது, பத்து மணிக்கு மேல் மில்லைத் தொடுவதில்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். சோளம், கேழ்வரகு கொண்டுவரும் பெண்கள் முணுமுணுத்தபோது அவர் சொன்ன பதில் இது: "பத்து மணிக்கி மேல அரைச்சா மாவு வரும். தனகோட்டி வருவானா?"

சந்தனக் காப்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஏசி காற்றே விடவில்லை என்று சேதி. போய் முகப்பைக் கழற்றினேன், நான்கு ஸ்க்ரூ. உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும், அவற்றின் இடுக்கில்தான் காற்று போகும். வரிசை முழுவதும் சந்தனம். பொட்டாக வைக்கவில்லை, காப்பாகவே சாத்தியிருந்தார்கள். நடுவில் மூன்று குங்குமப் பொட்டு. காய்ந்து சுவர் மாதிரி இறுகியிருந்தது.

தென்னை ஈர்க்கை நனைத்து ஒவ்வொரு இடுக்காக விட்டு இழுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு இடுக்கு. தகடு வளைந்தால் போயிற்று. அதனால் அவசரப்படவும் முடியாது. நூற்று நாற்பதாவது இடுக்கில் முனியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். இனிமேல் மேல் மூடியில் ஒரே ஒரு பொட்டு போதும் என்று சொன்னேன். அவர் என்னைவிட நியாயமாகத்தான் பேசினார்: "சாமிக்கே சந்தனம் சாத்துனாத்தான் உள்ளம் குளுரும். இதுக்கு மட்டும் சாத்துனா மூச்சு முட்டுதுன்றியே, இது இன்னா பொட்டி?"

அரை மணி நேரம்

மூன்றாவது கத்திரியில், ஒரு காலை எட்டே முக்காலுக்கு மீன் லாரி என் கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கவில்லை. "பொட்டி நின்னு பூடிச்சி, ஏறு" என்றார். லாரியில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடல் கொந்தளித்து நான்கு நாளாகப் படகு இறங்கவில்லை. மீன் இல்லை, அதனால் ஐஸும் வரவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டது.

தனகோட்டியைத் தரையில் ஈரச் சாக்கின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். முனியம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிணற்றுத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எப்போதும் ஏதாவது வேடிக்கை பேசும் ஆள், அன்றைக்குப் பேசவில்லை. மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்து நான்கு. எல்லப்பன் அவரை லாரியில் ஏற்றப் போனார். ஐஸ் இல்லாத லாரியின் தகரம் அந்த வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும்; ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். அன்றைக்குத்தான் நான் வாழ்க்கையில் முதல் தரம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் சத்தம் போட்டேன். "அரை மணி குடுங்கண்ணே. லாரி ஸ்டார்ட்லயே இருக்கட்டும். அரை மணிக்குள்ள ஓடலைன்னா ஏத்திடுங்க."

விசிறி மோட்டார் இறுகியிருந்தது. இருபத்தாறு ஸ்க்ரூவையும் கழற்றினேன், பதினோரு நிமிஷம். மோட்டாரை வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அச்சைக் கையால் இப்படியும் அப்படியுமாகத் திருப்பினேன். அறுபதாவது திருப்பில் இளகியது, நூறாவதில் பம்பரமாகச் சுற்றியது. பதினெட்டு நிமிஷம். திரும்ப வைக்கப் போனேன். மோட்டார் நிற்கிற கால்கள் நான்கு. அடித் தகட்டில் நான்கு ஓட்டை. அவற்றில் மூன்றைத் துரு தின்று விரல் நுழையும் அளவு அகலமாக்கியிருந்தது. ஸ்க்ரூ விழுந்தது, நிற்கவில்லை. அந்த இருபது வெள்ளிக்கிழமை. நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை. எல்லப்பனும் பார்த்தார், அவருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. கையில் மூன்று ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு நின்றேன். செங்கல்பட்டில் கடை முழுக்க இருந்த பட்டை, போல்ட்டு ஒன்றும் என் பையில் இல்லை.

தரையிலிருந்து தனகோட்டி ஏதோ சொன்னார். குழறியது. இரண்டாம் தரம் புரிந்தது: "நைலானு." முனியம்மா நூல் கண்டை எடுத்துக் கொடுத்தார். எல்லப்பன் கட்டப் பார்த்தார். அவசரத்தில் முடிச்சு வழுக்கியது. தனகோட்டி அவர் கையைத் தட்டிவிட்டார். மோட்டாரோடு அடித் தகட்டை இழுத்து அவர் பக்கத்தில் வைத்தோம். ஒருக்களித்துப் படுத்தபடியே, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஓட்டை வழியாக நூலை விட்டு மோட்டார் காலைச் சுற்றி இறுக்கினார். மூன்று காலுக்கும் காலுக்குப் பன்னிரண்டு முடிச்சு. நான் அசைத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. நான்காவது காலுக்கு ஸ்க்ரூ போட்டு, மற்றதையெல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டபோது முப்பத்து மூன்று நிமிஷம். மூன்று நிமிஷம் கூடிவிட்டதை யாரும் கேட்கவில்லை.

காற்று வந்தது. நான் சுவரில் சாய்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு. முப்பத்து ஒன்று. முனியம்மா ஊற்றுவதை நிறுத்தவில்லை. இருபத்தேழு. இருபத்திரண்டுக்கு இறங்கியபோது தனகோட்டி கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் தலையைத் திருப்பி, டிரைவரைக் கூப்பிட்டார்: "டேய், லாரிய அமத்து. டீசலு இன்னா கடல்லயா ஊறுது?"

திங்கட்கிழமை

நூலில் கட்டிய மோட்டாரோடு ஒரு ஏசியை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா? திங்கட்கிழமை புது இரும்புப் பட்டை, துளை போட்ட தகடு, போல்ட்டு, நட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டாரைக் காட்டச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்தது. முன்பு எப்போதும் ஒரு கடகட சத்தம் இருக்கும், இப்போது அதுவும் இல்லை. நைலான் அதிர்வை வாங்கிக்கொண்டது. நூலை எடுத்துவிட்டுப் பட்டை போட நான் என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்தேன். எல்லப்பன் தம்பியைக் கேள் என்றார். தம்பி வலை பின்னிக்கொண்டே, தலை நிமிராமல், நான் பையிலிருந்து எடுத்த புது போல்ட்டைக் கேட்டு வாங்கி, ஒரு தரம் உருட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "இதுவும் இரும்புதான அண்ணாத்த? அப்ப இதுவும் துரு புடிக்கும். முடிச்சி துரு புடிக்காது, நீ போய் நாஸ்தா துன்னு."

அதற்குப் பிறகு அந்த ஏசியை நான்கு தரம் திறந்தேன், அந்த முடிச்சுகளை ஒரு தரமும் அவிழ்க்கவில்லை. ஆகையால், மேசை இழுப்பறையில் ஒற்றை ஸ்க்ரூவை மறைத்து வைத்திருக்கும் என் இனத்தாரே, கழற்றியது இருபத்தாறு, மாட்டியது இருபத்து மூன்று, என் கொட்டாங்கச்சியில் இன்றைக்கும் மிச்சம் மூன்று.